நோ தேங்க்ஸ் என்றாள் ஹுமா

டிசம்பர் 9, 2025

பெரம்பலூர் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாசில் சேர்ந்து இரண்டு மாதம். ஐம்பத்தொரு வயதில் எதற்கு இது என்று பஸ்ஸில் கேட்காதவர்கள் இல்லை. மகன் நசீர் கனடாவில் நிக்காஹ் செய்த பெண் ஹுமா, முதல்முறையாக எங்கள் லப்பைக்குடிக்காட்டுக்கு வருகிறாள். தமிழ் தெரியாது. மாமியாரும் மருமகளும் பேச நடுவில் அவன் எதற்கு, தரகன் மாதிரி? கனடாவுக்குத் திரும்புவதற்குள் அவள் என்னிடம் நேராக நாலு வார்த்தை பேச வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

டிசம்பர் 11

இந்த 'சாரி'தான் பிடிபடவில்லை. இடித்தாலும் சாரி, இடிபட்டாலும் சாரியாம்! இடிபட்டவள் என்ன குற்றம் செய்தாள்? "அது மன்னிப்பு இல்லீங்கம்மா, சும்மா வாய்க்கு வர்றது" என்றார் கிளாஸ் எடுக்கும் அய்யாக்கண்ணு சார். சும்மா எப்படி வரும்?

டிசம்பர் 18

வந்துவிட்டாள்! மாஷா அல்லாஹ், போட்டோவைவிட அழகு. கட்டிப்பிடித்து என்னவோ கேட்டாள். படித்ததெல்லாம் மறந்துபோய் "ஃபைன், ஃபைன்" என்று நாலு தடவை சொன்னேன்.

டிசம்பர் 19

மத்தியானம் பிரியாணி. "நோ தேங்க்ஸ்" என்றாள். புதுப்பெண், கூச்சப்படுகிறாள் என்று இன்னொரு கரண்டி வைத்தேன். மறுபடியும் நோ தேங்க்ஸ். மறுபடியும் வைத்தேன். மூன்று தடவை வேணாம் சொல்லாமல் நம் வீட்டில் எந்த விருந்தாளி சாப்பிட்டிருக்கிறார்? வைத்ததையெல்லாம் சாப்பிட்டு முடித்தாள்.

டிசம்பர் 20

ஹுமாவுக்கு வயிற்றுவலி. "அம்மா, அவ வேணாம்னா நெசமாவே வேணாம்மா! ஒரு தடவ கேட்டுட்டு விட்டுடுங்க" என்று கத்தினான் நசீர். நான் என்ன விஷமாடா வச்சேன்? அழுகையாக வருகிறது.

டிசம்பர் 22

இப்போது ஒரே தடவைதான் கேட்கிறேன். நோ என்றால் கரண்டியை எடுத்துவிடுகிறேன். நேற்றும் இன்றும் ஒரு தோசையோடு எழுந்துவிட்டாள். சாப்பாடு பிடிக்கவில்லையா — என்னையே பிடிக்கவில்லையா?

டிசம்பர் 23

அவள் அறையைப் பெருக்கினால் கட்டிலுக்கடியில் பிஸ்கட் கவர்கள்! நசீரைப் பிடித்து உலுக்கினேன். திருதிருவென்று முழித்தான். என்னிடம் கத்திய அன்றே அவளுக்கும் தனியாகப் பாடம் எடுத்திருக்கிறான்: எங்க ஊர்ல முதல்ல வேணாம்னு சொல்லணும், அதான் மரியாதை, அம்மா எப்படியும் வைப்பாங்க என்று. அவள் மரியாதைக்கு நோ சொல்ல, நான் மரியாதைக்குக் கரண்டியை எடுக்க, இரண்டு நாளாகப் பிள்ளை பட்டினி! அவளுக்கும் விஷயம் புரிந்ததும் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

டிசம்பர் 26

நசீர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தான். மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஹுமா அடுப்படிக்கு வந்தாள். அவளே தட்டை எடுத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"மாமி, பசிக்குது."

தமிழில்! எனக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட வரவில்லை.

"உக்காருடி தங்கம்" என்றேன்.

உட்கார்ந்தாள்.