அடைக்கப்பட்ட வால்வும் என் பெயரில் நிற்கும் குடிபோதைக் குறிப்பும்

அனுப்புநர்:
அ. ஸ்டானிஸ்லாஸ்,
லாரி ஓட்டுநர் (தற்போது மூட்டைத் தொழிலாளி),
கல்மண்டபம் அருகில், இராயபுரம், சென்னை-13.

பெறுநர்:
உயர்திரு மேல்முறையீட்டு அதிகாரி அவர்கள்,
மோட்டார் வாகன உரிமப் பிரிவு, சென்னை.

பொருள்: 17-11-1967 அன்று எண்ணூர் சாலையில் நடந்த விபத்து – உரிமம் நிறுத்தப்பட்டது – விபத்தின் உண்மைக் காரணம் தெரியவந்தது – அதே கோளாறுள்ள மற்ற இரண்டு லாரிகளைச் சோதிக்கக் கோருவது தொடர்பாக.

பார்வை: 5-12-1967, 22-1-1968 ஆகிய நாளிட்ட என் மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

இது என் மூன்றாவது மனு. முதல் மனுவில் நான் குடிக்கவில்லை என்று மட்டும் எழுதினேன். பிறகு ஏன் வண்டி சாலையை விட்டு இறங்கியது என்று கேட்டால் சொல்ல அப்போது என்னிடம் விடை இல்லை. இரண்டாவது மனுவில் விடையை எழுதினேன். ஆனால் என் பங்கை மறைத்துவிட்டேன். இம்முறை எதையும் மறைக்கவில்லை.

1. எனக்கு வயது நாற்பத்தெட்டு. இருபத்திரண்டு ஆண்டுகள் கனரக வண்டி ஓட்டியவன். விபத்துக்குள்ளான லாரி, பட்டாளத்தார் கழித்துக்கட்டி ஏலத்தில் விட்ட பெட்ரோல் வண்டி. உரிமையாளரிடம் இதே மாதிரி மூன்று வண்டிகள் உள்ளன. அவர் பெயரும் வண்டி எண்களும் இணைப்பில் உள்ளன.

2. அன்று மழை. துறைமுகத்திலிருந்து இரும்புக் கம்பி ஏற்றி எண்ணூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாரல் உள்ளே அடிக்காதிருக்க ஓட்டுநர் இருக்கையின் இரு பக்கமும் தார்ப்பாய் இறக்கிக் கட்டியிருந்தேன். ரயில்வே கேட்டில் அரைமணி நேரம் நிற்க வேண்டி வந்தது. பேட்டரி பலவீனம் என்பதால் எஞ்சினை அணைக்கவில்லை. கேட் திறந்து வண்டியை எடுத்தபோது நெற்றிப்பொட்டில் அடித்தாற்போல் வலித்தது. அரை மைல் போயிருப்பேன். கண் முன்னே சாலை இரண்டாகத் தெரிந்தது. அதன்பின் எனக்கு நினைவிருப்பது, மணலில் சாய்ந்து நின்ற வண்டியும், சிதறிக் கிடந்த மீன் கூடையும், ஓர் அம்மாளின் அலறலும்தான்.

3. அந்த அம்மாள் பெயர் சொக்கம்மாள். எண்ணூரில் மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்பவர். அவருடைய வலது கால் முறிந்தது. அவரைத் தூக்கப் போன நான் அங்கேயே வாந்தியெடுத்து விழுந்தேன். அவ்வழியே வந்த தலைமைக் காவலர் அதைப் பார்த்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மதுவிலக்குச் சட்டத்தில் நான் மூன்று வாரம் சிறையிலிருந்தது அவருக்குத் தெரியும். "நீ பழைய ஆளுதானே? இன்னாடா புதுசா கதை வுட்றே?" என்றார். மருத்துவரிடம் காட்டும்படி மன்றாடினேன். காட்டவில்லை. ஆதாரம் இல்லை என்று குடி வழக்கும் போடவில்லை. ஆனால் "குடிபோதையில் இருந்ததாகத் தெரிகிறது" என்று அவர் எழுதிய ஒரு வரி நின்றுவிட்டது. அந்த வரியின் பேரில்தான் என் உரிமம் நிறுத்தப்பட்டது.

4. சிறையிலிருந்து வந்த நாளிலிருந்து நான் குடித்ததில்லை. இதை நம்புவோர் இன்று குறைவு. என் மனைவி பிலோமி என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் வேலை முடிந்து வந்து அவளிடம் தண்ணீர் வாங்கும்போது சற்றுக் கூடுதலாகக் கிட்டே வந்து நிற்கிறாள். அவளுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று இப்போது நானே முதலில் வாயை ஊதிக் காட்டுகிறேன்.

5. எனக்குப் பதிலாக அந்த வண்டிக்கு ரஹீம் என்பவரை அமர்த்தினார்கள். 14-12-1967 அன்று தண்டையார்பேட்டையில் அவருக்கும் தலை சுற்றவே, வண்டியை ஓரம் கட்டிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்: "அண்ணே, மத்தவங்க மாதிரி நானும் உன்ன குடிகாரன்னுதான் நெனச்சேன். இப்ப எனக்கும் அதே மாதிரி ஆயிப்போச்சி. நான் நோன்பு வச்சிக்கினு கீறேன்ணே. காலைலேர்ந்து பச்சத் தண்ணி வாயில படல." ஐயா, ஒரு மாதத்தில் என் பேச்சை நம்பிய முதல் ஆள் அவர்தான்.

6. 17-12-1967 ஞாயிற்றுக்கிழமை, ரஹீமுக்குப் பழக்கமான மெக்கானிக் சௌக்கத் அலி என்பவர் வண்டியைச் சோதித்தார். எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தார். தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து அந்த வாயின் மேல் வைத்தார். எஞ்சின் நல்லபடி இருந்தால் தாளை உள்ளிழுத்துப் பிடிக்க வேண்டுமாம். தாள் பறந்து எங்கள் தலைக்கு மேலே போயிற்று. பின்னாலேயே புகை வந்தது. பழைய எஞ்சினில் பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் நச்சுப் புகையை ஒரு குழாய் மறுபடி எஞ்சினுக்கே எரிக்க அனுப்ப வேண்டும். அதற்கு வழிவிடும் சிறு வால்வு ஒன்று உண்டு. அவர் கையை விட்டுத் தடவிப் பார்த்தபோது வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட் முறுக்கியிருந்தது. "எஞ்சினு மூச்சு வுட்ற வழிய எவனோ அடச்சி வச்சிக்கீறான்பா. அதான் அது உள்ள பூந்து உங்க மூஞ்சில வுட்டுக்கினு கீது" என்றார். கியர் கம்பியின் அடியில் தரைப்பலகை ஓட்டையாயிருந்தது. புகை ஏறியது அந்த வழியாகத்தான்.

7. இரண்டாவது மனுவில் நான் மறைத்தது இதுதான். அந்தப் போல்ட்டை முறுக்கியபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். ஆகஸ்ட் மாதத்தில் வால்வில் கசடு பிடித்துச் சிக்கிக்கொண்டு, வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் உதறி அணைந்துகொண்டே இருந்தது. வால்வைக் கழற்றி அடைத்துவிடச் சொன்னவர் உரிமையாளர். அடைத்தவர் அவருடைய மெக்கானிக். ஸ்பானரை எடுத்துக் கொடுத்தவன் நான். எஞ்சின் உதறல் நின்றதும் சந்தோஷப்பட்டவனும் நானே. அது எதற்காக இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொக்கம்மாள் நடந்துகொண்டிருப்பார்.

8. கழற்றிய வால்வு கருவிப் பெட்டியிலேயே கிடந்தது. சௌக்கத் அலி அதைக் காதருகே வைத்துக் குலுக்கினார், சத்தமே இல்லை. ஒரு நாள் முழுவதும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கசட்டைச் சுரண்டி, மறுபடி குலுக்கியபோது கடகடவென்று ஆடியது. குழாயையும் குத்திச் சுத்தம் செய்து, வால்வைப் பொருத்தி, தரைப்பலகை ஓட்டையை ரப்பர் வைத்து மூடினார். இம்முறை காலண்டர் தாள் வாயோடு ஒட்டிக்கொண்டது. எஞ்சினும் உதறவில்லை. அன்றிலிருந்து ரஹீம்தான் அந்த வண்டியை ஓட்டுகிறார். தலைசுற்றல் ஒருநாளும் இல்லை. ஒரு மாதமாக என் பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்த கோளாறு இரண்டு நாள் வேலையில் தீர்ந்துபோயிற்று.

9. பிறகு சொக்கம்மாளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போல்ட் கதையை, என் ஸ்பானர் உட்பட, முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "உன்மேல கோவம் போவல. போவவும் போவாது. ஆனா அன்னிக்கி உன் வாயில சாராய வாட இல்ல. புகை நாத்தம்தான் அடிச்சிது. எவன் வந்து கேட்டாலும் அத்தச் சொல்லுவேன்." அவர் கைநாட்டு வைத்த வாக்குமூலம், சௌக்கத் அலி, ரஹீம் ஆகியோரின் கடிதங்கள் இத்துடன் உள்ளன.

10. மற்ற இரண்டு லாரிகளிலும் இதே போல்ட் இருக்கிறது. நானே குனிந்து பார்த்தேன். உரிமையாளரிடம் சொன்னதற்கு, "ஓடுற வண்டிய ஏம்பா நோண்டச் சொல்றே? வேலை போன ஆத்திரமா?" என்றார். அவற்றில் ஒன்றை ஓட்டும் யேசுதாஸ் இருபத்தாறு வயதுப் பிள்ளை. சென்ற வாரம் துறைமுக வாசலில் பார்த்தேன். நெற்றியில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டியிருந்தார். கேட்டதற்கு, வெயில் தலைவலி என்றார். வண்டியை விட்டால் வேறு வேலை கிடைக்காது என்றும் சொன்னார்.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. அந்த இரண்டு லாரிகளையும் தங்கள் ஆய்வாளரை அனுப்பிச் சோதித்து, வால்வைப் பொருத்தும்வரை சாலையில் விடாதிருக்க வேண்டும். என் பெயரிலுள்ள குடிபோதைக் குறிப்பை நீக்க வேண்டும். வால்வு விஷயத்தில் என் கவனக்குறைவுக்கு உரிய தண்டனையை விதித்து, அது முடிந்த பின் என் உரிமத்தைத் திருப்பித் தர வேண்டும்.

நான்காவது மனு எழுத எனக்குத் தெம்பில்லை, ஐயா. இம்மூன்றில் ஒன்றுதான் தங்களால் இயலும் என்றால் முதலாவதைச் செய்யுங்கள். என் காரியம் காத்திருக்கும். யேசுதாஸ் நாளைக் காலையும் வண்டி எடுக்கிறார்.

இடம்: இராயபுரம்
நாள்: 11-3-1968

தங்கள் பதிலை எதிர்நோக்கியிருக்கும்,
(ஒப்பம்) அ. ஸ்டானிஸ்லாஸ்

இணைப்பு: கடிதங்கள் இரண்டு, கைநாட்டு வாக்குமூலம் ஒன்று, வண்டி எண்களும் உரிமையாளர் பெயரும் அடங்கிய தாள் ஒன்று.