கம்ப்ரசர் அறை, எண் ஒன்று

என் அருமை வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். நீங்கள் நலமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. கேட்டால் ‘நலம்’ என்று ஒரே ஒரு சொல்லை எழுதி அனுப்புவீர்கள். போனில் பேசினால் உங்களுக்கு இருமல் வருகிறதே என்றுதான் கடிதம் போடுகிறேன். அதற்காகக் கடிதத்திலுமா இத்தனை சிக்கனம்?

முதலில் பெரிய செய்தி. நம் குளிர்பதனக் கிடங்கில் சென்சார்களுக்கெல்லாம் புது இணைப்பு போட்டாகிவிட்டது. எந்த முறை வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா? உங்கள் மனைவிதான். கருவிப் பிரிவு மெக்கானிக் நான் சொன்னதை மேனேஜர் கேட்டுக்கொண்டார் என்றால் நம்புவீர்களா? இரண்டு நாளாக எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அம்மாவின் நடையே மாறிவிட்டது என்று மகள் கிண்டல் செய்கிறாள். மாறட்டுமே.

மேனேஜருக்கு வயர்லெஸ் மேல்தான் ஆசை. கேபிள் இழுக்க வேண்டாம், சுவரைத் துளைக்க வேண்டாம், நாலே நாளில் முடித்துவிடலாம் என்று விற்க வந்தவர் தேனாகப் பேசினார். லேப்டாப்பில் எல்லா அறையின் வெப்பநிலையும் பளிச்சென்று வந்தது. நான் எழுந்து, அறைக் கதவுகளை மூடிவிட்டுக் காட்டுங்கள் என்றேன். மனுஷன் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! இரண்டு பக்கமும் தகடு அடித்த கனமான கதவுகள் அல்லவா? மூடியதும் பதினோரு சென்சார்கள் திரையில் காணாமல் போயின. குளிர் அறை என்றால் கதவு மூடித்தான் இருக்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

கேபிள்தான் என்று முடிவானது. அப்புறம்தான் உண்மையான சண்டை. பழைய முறையே இருக்கட்டும், கொஞ்சம் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்றார் எஞ்சினியர். எனக்கு வந்ததே கோபம். பழைய முறையில் கண்ட்ரோல் ரூம் கணினி ஒவ்வொரு சென்சாராகக் கூப்பிட்டு விசாரிக்கும். கேட்டால்தான் சென்சார் வாய் திறக்கும். பழுதான சென்சார் பதில் சொல்லாவிட்டால் மூன்று முறை கேட்டுக் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். அன்றைக்குக் கம்ப்ரசர் அறையில் குளிரூட்டும் அம்மோனியா கசிந்தது வாயு சென்சாருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் அதன் முறை வரவில்லை. அறுபது வெப்பநிலை சென்சார்களிடம் குசலம் விசாரித்து முடித்து அதனிடம் வர நாற்பத்தொரு வினாடி ஆனது. வாடை அடித்தும் அபாயச் சங்கு ஊதவில்லையே, லேசான கசிவாகத்தான் இருக்கும் என்று நினைத்து நீங்கள் வால்வை மூட உள்ளே போனீர்கள். நீங்கள் அதை மூடியதால் வெளியே இருந்த ஆறு பேர் தப்பித்தார்கள். அந்த நாற்பத்தொரு வினாடிக்காக என் வீட்டுக்காரர் ஐந்து மாதமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

நான் கேட்டது வேறு முறை. எல்லா சென்சாரும் ஒரே கேபிளில் இருக்கும். யாரும் கேட்க வேண்டாம், சொல்ல வேண்டியது இருந்தால் தானாகவே சொல்லும். எல்லாம் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக்கடை ஆகிவிடாதா என்று எஞ்சினியர் மடக்கப் பார்த்தார். ஆகாது சார், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, சின்ன எண் பேச ஆரம்பித்தால் மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டு பிறகு சொல்லும், ஒரு சொல்லும் வீணாகாது என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார்.

நேற்றுக் காலை சோதனை. வெப்பநிலை சென்சார்கள் அறுபதையும் ஒரே நேரத்தில் பேச விட்டு, அம்மோனியாவில் நனைத்த துணியைக் கம்ப்ரசர் அறை சென்சாரிடம் நீட்டினேன். அதன் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்று என்று எண்ணி முடிப்பதற்குள் சங்கு ஊதிவிட்டது! உங்கள் கூட்டாளிகள் எல்லோரும் கைதட்டினார்கள். நான் அழுதுவிட்டேன், பெருமையில்தான். அந்த சென்சாருக்குத்தான் எண் ஒன்று கொடுத்திருக்கிறேன். அதன் பெட்டியில் அவர்கள் பெயிண்டால் உங்கள் பட்டப்பெயரை எழுதியிருக்கிறார்கள்: மௌனசாமி. கிடங்கிலேயே முதலில் வாய் திறக்கிற ஆளுக்கு இந்தப் பெயரா என்று சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

இனி நான் சொல்வதைக் கோபப்படாமல் படியுங்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் உங்கள் வார்டு நர்ஸ் போன் செய்தார். விடியற்காலையில் உங்களுக்கு மூச்சு முட்டுகிறதாம். தலைமாட்டில் மணி இருந்தும் அழுத்துவதில்லையாம். அவர் ஒவ்வொரு கட்டிலாக விசாரித்துக்கொண்டு உங்களிடம் வரும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களாம். மற்றவர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்றீர்களாம். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் கூட்டத்துக்கே போனேன்.

அந்த மணியை அழுத்துங்கள். யார் முறை என்று பார்க்க வேண்டாம். அங்கே உங்கள் கட்டிலுக்கு என்ன எண்ணோ, இந்த வீட்டில் உங்களுக்கு எண் ஒன்று. பதிலில் ‘நலம்’ என்று எழுதாதீர்கள். எங்கே வலிக்கிறது என்று எழுதுங்கள். நான் கேட்பதற்கு முன்னால் எழுதுங்கள்.

உங்கள் குரலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி