பின் அடித்த அத்தியாயம்

உத்திரமேரூர்
3.8.2025

அன்புள்ள பிருந்தாவுக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் சண்டையில் முடியும், அதனால்தான் கடிதம். சுபாஷ்ரீக்கென்றே நீ எழுதிய கதைப் புத்தகம் வந்தது. ராட்சசன் தூக்கிப்போகும் சிறுமியைக் காப்பாற்றக் கிழட்டுப் பறவை ஒன்று எதிர்த்து நிற்கிறது, சிறகு வெட்டுப்படுகிறது. அதுவரை சரி. கடைசி அத்தியாயத்தில் அதைச் சாகடித்துவிட்டாயே, உனக்கு ஈவிரக்கமே கிடையாதா? லாரி வந்தபோது என் சுபாவைத் தள்ளிவிட்டுத்தானே இவள் அப்பா மாட்டி உயிரை விட்டார். நாலு மாதமாகியும் குழந்தை ஒரு சொட்டு அழவில்லை. அந்த அத்தியாயத்தை ஸ்டேப்ளரால் பின் அடித்து மூடிவிட்டேன். பறவை பிழைத்துப் பறந்துவிட்டது என்று சொல்லப்போகிறேன்.

கோபத்தோடு,
கல்பனா

சென்னை
9.8.2025

அன்புள்ள அக்கா,

நீ திட்டாமல் இருந்திருந்தால்தான் பயந்திருப்பேன். அந்தப் பறவை நம் சடாயுதான், பெயரை மட்டும் மாற்றினேன். தோற்போம் என்று தெரிந்தே குறுக்கே பாய்ந்த பறவை. மாமாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே சுபா எழுந்து போய்விடுகிறாள் என்று நீதானே சொன்னாய்? பறவையின் சாவு என்றால் உட்கார்ந்து கேட்பாள் என்று நினைத்தேன். ஆனால் பெற்றவள் நீ. பின் அப்படியே இருக்கட்டும்.

உன்,
பிருந்தா

உத்திரமேரூர்
18.8.2025

அன்புள்ள பிருந்தாவுக்கு,

நான் சொன்ன பொய் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. "ரெக்க வெட்டுப்பட்டா செத்துதான் போவும். இன்னாத்துக்கும்மா பொய் சொல்லிக்கினு கீற?" என்றாள். பின்னைப் பிரிக்கவே இல்லை. அப்புறம் கேட்டாள்: "அதுக்கு யாரு கொள்ளி வெச்சது? அது காப்பாத்துன பொண்ணுதான வெக்கணும்?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உன் புத்தகத்தில்கூட அது இல்லை, பறவை கண் மூடுவதோடு முடிகிறது. சடாயுவுக்கு ராமர் மகனாக நின்று கொள்ளி வைத்ததை இவளுக்கு யாரும் சொன்னதில்லை. எந்தக் காலத்துக் கதை, பத்து வயசுப் பெண்ணின் வாயில் தானாக வருகிறது. உன் எழுத்தை விளையாட்டு என்று நினைத்திருந்தேன், இனி நினைக்க மாட்டேன்.

அவரைத் தூக்கிப்போன அன்று, பெண் பிள்ளை பார்க்க வேண்டாம் என்று இவளைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்திருந்தோம். நேற்று திருப்புட்குழிக்குக் கூட்டிப்போய், ராமர் சடாயுவுக்குக் கொள்ளி வைத்த இடம் இது என்று காட்டினேன். குளத்துப் படியில் உட்கார்ந்தவள், "நைனாவுக்கு நான் வெக்கலியேம்மா" என்று அழ ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. நானும் அழுதேன்.

வருஷத் திதிக்குக் கட்டாயம் வந்துவிடு. அன்று கொள்ளி வைத்த என் கொழுந்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், வைத்துக்கொள்ளட்டும். திதி கொடுக்கப்போவது சுபாஷ்ரீ.

அன்புடன்,
அக்கா கல்பனா