இழுக்கும்போது பெயர் தெரிய வேண்டும்

ஜெசி, என் தங்கமே,

உன் மேல் எனக்குக் கோபம். செத்துப்போனவளிடம் கோபப்படக் கூடாது என்று முக்கூடலில் எங்கள் அம்மா சொல்கிறாள். அம்மாவுக்கு என்ன தெரியும்? நீ மட்டும் இருந்திருந்தால் இந்தக் காகிதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க மாட்டேன். உவரிக்குப் பஸ் ஏறி வந்து உன் முகத்துக்கு நேரே கத்தியிருப்பேன்.

உன்னைக் குழிக்குள் இறக்கியபோது எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஆஸ்பத்திரியில ஒரு ஆளக் கொல்லப் பாத்த பிள்ளைதான இது" என்றாள் ஒருத்தி. "கம்ப்யூட்டர்ல என்னமோ தப்பா எழுதிட்டாளாம்" என்றாள் மற்றவள். திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்காமல் இருப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. அது உனக்கும் தெரியும்.

அதனால்தான் இதை மூடி ஒட்டாத கடிதமாக எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை. படிக்க வேண்டியவர்கள் படிக்கட்டும். நீ என்ன எழுதினாய், அதை யார் எடுத்தார்கள் என்பது ஊருக்குத் தெரியட்டும்.

வண்ணார்பேட்டையில் ஒரு மாடி, நாலு கம்ப்யூட்டர், ஒரு முதலாளி அண்ணாச்சி, நாம் இரண்டு பேர். அவ்வளவுதான் நம் கம்பெனி. ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு, எந்தக் கட்டிலில் எந்த நோயாளி என்று திரையில் காட்டுகிற வேலையை அண்ணாச்சி பிடித்துக்கொண்டு வந்தார். திரையில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு கட்டம். நோயாளிக்கு ஒரு சின்ன அட்டை. அதில் பெயர், ஊர், வயது. கட்டில் மாற்ற வேண்டுமானால் அந்த அட்டையை மவுஸால் பிடித்து இழுத்து இன்னொரு கட்டத்தில் விட வேண்டும். யாருக்கு என்ன ஊசி என்கிற பட்டியல் அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் அச்சாகி வரும்.

அட்டையை இழுக்கும் வேலையை நீதான் எடுத்துக்கொண்டாய். முதலில் எல்லோரும் செய்கிறபடி, இழுக்கும்போது அம்புக்குறியோடு ஒரு வெற்றுக் கட்டம் மட்டும் போகிற மாதிரி இருந்தது. உனக்கு அது பிடிக்கவில்லை. இசக்கிமுத்து, இசக்கியம்மாள், இசக்கிப்பாண்டி என்று ஒரே வார்டில் அடுத்தடுத்துப் படுத்திருக்கிற ஊர் இது. கையில் யாரைப் பிடித்திருக்கிறோம் என்று நர்ஸுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாய். அட்டையின் படமே, பெயரோடு, கை போகிற இடமெல்லாம் கூடவே போக வேண்டும் என்றாய். உன் நோட்டில் முதல் பக்கத்தில் அதையே எழுதி இரண்டு கோடு போட்டாய்: இழுக்கும்போது பெயர் தெரிய வேண்டும்.

அது லேசாக வரவில்லை. படம் பாதி வழியில் மறைந்துவிடும். வார்டின் தலைப்புக்கு மேல் போனால் காணாது. கட்டிலின் கட்டத்துக்குள் நுழைந்தால் காணாது. வெறும் இடத்துக்கு வந்தால் மறுபடி தெரியும். நாலு நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாய். ஐந்தாம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது.

"ஏட்டி பகவதி, இங்கன வந்து பாரு. ஒவ்வொரு கட்டமும், 'என் மேல படம் போகலாம்'னு தனித்தனியா சம்மதிக்கணும்ட்டி. ஒண்ணு சம்மதிக்கலன்னாலும் அங்கன போனதும் படம் மறைஞ்சிரும்."

முப்பத்திரண்டு கட்டில், அவற்றைச் சுற்றிய சட்டம், தலைப்பு என்று ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் அந்தச் சம்மதத்தை வாங்கும்படி எழுதினாய். அப்புறம் அட்டையைப் பிடித்துப் பைய நகர்த்தினாய். இசக்கிமுத்து என்ற பெயர் திரையின் குறுக்கே, எங்கும் மறையாமல், மங்கலாக மிதந்துகொண்டு போனது. நீ சிரிக்கவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு டப்பாவைத் திறந்தாய். குழம்பு ஊசிப்போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் செய்து காட்டுகிற நாளில், கோயில் திருவிழா என்று நீ உவரிக்குப் போயிருந்தாய். அவர்களுடைய கம்ப்யூட்டர் பழசு. அட்டையை இழுத்தபோது படம் விட்டுவிட்டு நடுங்கியது. நிர்வாக அதிகாரி என்று அங்கே ஒருவர் இருந்தார், பெரிய மனிதர். அவர், இதென்ன குளிர்காய்ச்சல் வந்த மாதிரி ஆடுகிறது என்று சிரித்தார். அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தப் படத்தை உடனே எடுத்துவிடு என்று என் காதில் சொன்னார்.

எடுத்தேன் ஜெசி. நான்தான் எடுத்தேன். படத்தைக் காட்டச் சொல்கிற ஒரே ஒரு வரி. அழிக்கக்கூட இல்லை, அதை வேலை செய்யாதபடி நிறுத்திவைத்து, பக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன். நீ வந்து பார்த்ததும் அண்ணாச்சியிடம் போய்ச் சண்டை போட்டாய். நடுக்கத்தை இரண்டு நாளில் சரி பண்ணித் தருகிறேன் என்றாய். கொடுத்தது கொடுத்தபடி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நீயும் நானும் வேறு வேலைக்குப் போனோம்.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலை நேரத்தில், பதினாலாம் கட்டிலில் கிடந்த சர்க்கரை நோயாளியை, சர்க்கரைக்காரர்களின் கட்டில் வரிசைக்கு மாற்ற ஒரு நர்ஸ் பிள்ளை அட்டையை இழுத்தாள். அவர் பெயர் இசக்கிப்பாண்டி. அவள் பிடித்தது பக்கத்து அட்டை, இசக்கிமுத்து. வெற்றுக் கட்டம்தானே போகிறது, அவளுக்கு எப்படித் தெரியும்? இசக்கிமுத்து ராதாபுரத்துப் பக்கத்து விவசாயி, காலில் முள் குத்திச் சீழ் பிடித்து வந்தவர். இன்சுலின் பட்டியலில் அவர் பெயர் அச்சாகி வந்தது, சர்க்கரையே இல்லாத அவருக்கு ஊசியைப் போட்டுவிட்டார்கள். வேர்த்துக் கொட்டி நினைவு தப்பியது. நல்லவேளை, ஒரு டாக்டர் பார்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார். பிழைத்துக்கொண்டார்.

அந்த விசாரணை அறையை நீ மறந்திருப்பாயா? நிர்வாக அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் அண்ணாச்சி, நீ, நான். இழுக்கிற வேலை முழுவதும் இந்தப் பிள்ளை எழுதியது, நம்பிவிட்டோம் என்று அண்ணாச்சி உன்னைக் காட்டிக் கையை விரித்தார்.

"நான் எழுதினதுல பேரு தெரிஞ்சுது சார்," என்று சொன்னாய். "அத எடுத்திருக்காவ."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். அதிகாரியும் பார்த்தார். உனக்கு ஏதாவது தெரியுமா அம்மா என்று என்னிடம் கேட்டார்.

"எனக்குத் தெரியல சார்" என்றேன்.

அந்த வேலை போனால் வீட்டில் கையோடு ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து முடித்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம். அவ்வளவு அற்பமான காரணம். அதற்கு மேல் எதையும் சொல்லி என்னை நல்லவளாக்கிக்கொள்ள மாட்டேன். அன்று சாயங்காலமே உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மாடிப்படியில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாய். நீ என்னை அறைந்திருக்க வேண்டும். "சரிட்டி, ஒனக்கும் பயம் இருக்கும்லா" என்று சொன்னாய். ஏன் அப்படிச் சொன்னாய்? யார் கேட்டார்கள் உன் பெரிய மனசை? கத்தியிருந்தால், அண்ணாச்சியின் மேசையைப் புரட்டிப் போட்டிருந்தால், என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்டிருந்தால், நான் இரண்டு வருஷம் நிம்மதியாகச் சோறு தின்றிருக்க முடியுமா?

ராதாபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டாய். அங்கேயும் பேச்சு உன்னைத் தொடர்ந்து வந்தது என்று கேள்விப்பட்டேன். இரண்டு தடவை கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தடவையும் எழுந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் பிரிண்டர் சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். வார்டில் திரைக்கு முன்னால் குனிந்தேன். ஏழாம் கட்டிலில் ஓர் அட்டை: ஜெசிந்தா, உவரி, இருபத்தாறு வயது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் அதைப் பிடித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இழுத்தாள். வெற்றுக் கட்டம் ஒன்று திரையில் குறுக்கே போனது. அதில் உன் பெயர் இல்லை.

மேல்மாடியில் இருந்த அந்தப் பிரிவுக்கு ஓடினேன். உன் கண்ணெல்லாம் மஞ்சள். என்னைத் தெரிந்ததா உனக்கு? கையைப் பிடித்தபோது விரல் லேசாக அசைந்தது. அது எனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே உன் அப்பா சுவரோடு நின்றார். மஞ்சள் காமாலை என்று தெரிந்ததுமே இங்கே கூட்டிவரக் கிளம்பினாராம். "அந்த வாசல்ல நான் ஏற மாட்டேம்ப்பா, அங்க என்னயக் கொலகாரி மாதிரி பாப்பாவ" என்று நீ கட்டிலைப் பிடித்துக்கொண்டாயாம். பன்னிரண்டு நாள் கீழாநெல்லி அரைத்துக் குடித்திருக்கிறாய். நினைவு தப்பிய பிறகுதான் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். சொல்ல முடியாது என்கிற அந்த வார்த்தையோடுதான் இனி நான் காலம் தள்ள வேண்டும். ஆனால், அந்த வாசலில் உன்னை ஏறவிடாமல் செய்தது யார் என்று சொல்ல முடியும். அண்ணாச்சி, பிறகு நான்.

அடக்கம் முடிந்த மறு வாரம் இரண்டு பிளாப்பியை எடுத்துக்கொண்டு நிர்வாக அதிகாரியிடம் போனேன். ஒன்றில் அவர்கள் பயன்படுத்துகிற நிரல். இன்னொன்றில் அதே நிரல், நான் நிறுத்திவைத்த வரி மட்டும் உயிரோடு. தலைமை நர்ஸையும் வரச்சொல்லிக் கேட்டேன். இப்போது அங்கே புது கம்ப்யூட்டர். உன் படம் துளியும் நடுங்கவில்லை. தலைமை நர்ஸ் தானே ஒரு அட்டையைப் பிடித்து வார்டு முழுக்க இழுத்துப் பார்த்தார்.

"இது மொதல்லயே இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு சிஸ்டர். ஜெசி எழுதினா. அண்ணாச்சி சொல்லி நான் எடுத்தேன். அன்னைக்கு சார்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன். என் பெயரின் முதல் எழுத்து கிடந்த வரியையும் காட்டினேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடிந்த விஷயம், அந்தப் பிள்ளையே இப்போது இல்லை, கிளறி என்ன ஆகப்போகிறது என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையில் ஓங்கி அடித்துவிட்டேன். உன் பேரில் தப்பு இல்லை என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தராமல் நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப்போவதில்லை என்றேன். ஆள் விட்டு வெளியே தள்ளியிருப்பார். தலைமை நர்ஸ்தான் குறுக்கே வந்தார். இந்தப் படம் இல்லாத பழைய திரையை இனி தன் நர்ஸ் பிள்ளைகளில் ஒருத்தியும் தொட மாட்டாள் என்று நிதானமாகச் சொன்னார். அப்புறம்தான் அதிகாரி எழுதினார். நாலே வரி. வருத்தம் என்ற சொல்கூட அதில் கிடையாது. ஆனால் தவறு ஜெசிந்தாவுடையது அல்ல என்று இருக்கிறது.

அண்ணாச்சிக்கு அன்றே தகவல் போய்விட்டது. பொம்பளப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்ததற்கு இதுதான் மரியாதையா என்று மாடி அதிரக் கத்தினார். அவர் கத்தி முடிக்கிறவரை நின்றேன். பிறகு, செத்தவள் வீட்டுக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவர் இதுவரை போகவில்லை.

நான் போனேன். உன் அப்பா கரையில் வலையை இறக்கிக்கொண்டிருந்தார். அதிகாரி எழுதித் தந்த கடிதத்தை மணலில் நின்றபடியே வாசித்துக் காட்டினேன். பிறகு நான் செய்ததையும் சொன்னேன், ஒன்றையும் குறைக்காமல். அவர் கடலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்மா. அவ அன்னைக்கே சொல்லிட்டா," என்றார். "நீ வந்து ஒரு வார்த்த சொல்லுவேன்னு ரெண்டு வருசமா பாத்துக்கிட்டு இருந்தா. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும்."

கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. வலைப் பக்கம் திரும்பிவிட்டார். நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். அவர் செய்தது சரி என்று எனக்குத் தோன்றியது. அப்போதும் உன் மேல்தான் கோபம் வந்தது ஜெசி. ஞாயிற்றுக்கிழமைதோறும் எதற்கு எனக்காகக் காத்திருந்தாய்? என்னைப் பற்றி அவ்வளவு நல்லபடியாக ஏன் நினைத்தாய்?

நாளை மறுநாள் இசக்கிமுத்து வீட்டுக்குப் போகிறேன். தனக்கு அன்று என்ன நடந்தது என்று அவருக்கு இதுவரை யாருமே சொல்லவில்லையாம். ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் சொல்வேன். ஏசினால் கேட்டுக்கொள்வேன். அடித்தாலும் நிற்பேன். யார் என்று கேட்டால் என் பெயரையும் அப்பா பெயரையும் முக்கூடலில் எங்கள் தெருவையும் சொல்வேன். இனி யார் என்னிடம் எதைக் கேட்டாலும், தெரியாது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. காலம் தாழ்ந்த வாக்கு என்று தெரிந்தே கொடுக்கிறேன்.

உனக்கு உடன்பிறந்தவளாக நின்றிருக்க வேண்டிய,
பகவதி