அசையக் கூடாத கை

சிலாய், நெக்ரோஸ் தீவு
8 மார்ச் 1993

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்.

சர்க்கரை ஆலை என்னை ஓய்வில் அனுப்பிவிட்டது. கிரேன் சங்கிலியில் நசுங்கிய வலது கைக்கு இனி அங்கே வேலை இல்லையாம். தொழிலாளர் காப்பீட்டு நிதி அலுவலகம் வேறு மாதிரி சொல்கிறது. இது பகுதி ஊனம்தான், ஊன ஓய்வூதியம் கிடையாது, சில மாதத்துக்கு உதவித்தொகை மட்டும். கவுன்ட்டரில் இருந்தவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "இன்னொரு கை நல்லாத்தானே இருக்கு அண்ணே. வாட்ச்மேன் வேலைக்குப் போங்க. திருடனைப் பாத்துக் கத்துறதுக்குக் கை எதுக்கு?"

போனேன். அங்கேயும் முதலில் கையைத்தான் பார்த்தார்கள்.

மெர்லிண்டா எங்கள் வீட்டு வாசலில் வாழைப்பழம் பொரித்து விற்கிறாள். அதில்தான் சாப்பாடு. நீ டைப் அடிக்கிற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்.

தம்பி,
கிரிசாந்தோ


மணிலா
22 மார்ச் 1993

என் அன்புத் தம்பிக்கு,

உன் எழுத்தைப் பார்த்துவிட்டு அலுவலகக் கழிப்பறையில் போய் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வக்கீல் வில்லாசிஸிடம் பேசினேன்.

மேல்முறையீடு செய்யலாம். முழு ஊனம், நிரந்தர ஊனம் என்று தீர்ப்பு வந்தால் உயிருள்ளவரை ஓய்வூதியம். உனக்குப் பிறகு, மனைவி என்ற முறையில் மெர்லிண்டாவுக்கும். வருஷக் கடைசியில் மருத்துவக் குழு உன்னைப் பார்க்கும். ஜெயித்தால் மட்டும் கூலி வாங்கிக்கொள்ள வக்கீல் சம்மதித்திருக்கிறார். எனக்காக.

கருவாடு அனுப்பாதே. கூட இருப்பவள் நாற்றம் என்கிறாள்.

அனுப்பு. அவள் கிடக்கிறாள்.

உன் அக்கா,
ஃபெலிசா


சிலாய்
14 ஜூன் 1993

அக்கா, பார்த்தாயா எழுத்தை? வலது கை!

சுளுக்கு எடுப்பாரே அம்போ கிழவர், அவர் தினமும் வந்து தேங்காயெண்ணெய் போட்டு நீவிவிடுகிறார். கட்டை விரலும் அடுத்த இரண்டும் மடங்கி விரிகின்றன.

நேற்று சேவற்கட்டுக்குப் போனேன். சும்மா பார்க்கத்தான். கத்தி கட்டுகிறவன் குடித்துவிட்டு வந்திருந்தான், நூல் நழுவிக்கொண்டே இருந்தது. "டேய் கிரிசாந்தோ, நீ கட்டாத கத்தியா, வாடா" என்றார்கள். கட்டினேன். சேவல் துள்ளியது, நான் விடவில்லை. சண்டையில் அது செத்தது. எனக்கென்ன. களத்துக்குப் பின்னால் போய் நின்று கையைத் திறந்து மூடினேன். திறந்து மூடினேன்.

கிழவர் சொல்கிறார்: "மழை முடியறதுக்குள்ள அஞ்சும் வந்துரும்டா. அப்ப எனக்கு ஒரு அறை குடுத்துக் காட்டு."

உன் தம்பி


மணிலா
23 ஜூன் 1993

தம்பி,

உறையின் மேல் உன் பழைய கையெழுத்து. அரை நிமிடம் சந்தோஷப்பட்டேன். அப்புறம் யார் கண்ணிலும் படாமல் உறையைப் பைக்குள் திணித்தேன்.

அந்தக் கையால் எழுதாதே. சேவற்கட்டுப் பக்கமே போகாதே. நிதி அலுவலகம் ஊருக்குள் ஆள் விட்டு விசாரிக்கும். கிழவரை நிறுத்து. எண்ணெய், பயிற்சி, எல்லாவற்றையும். கையை மடித்துக் கழுத்தோடு துணி கட்டிக்கொள். குளிக்க மட்டும் அவிழ்.

வக்கீல் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மூணு விரல் அசைஞ்சா பகுதி ஊனம். அஞ்சும் அசைஞ்சா ஒண்ணுமே இல்லை. அப்ப மட்டும் ஆலை கூப்பிட்டுக்குமா? ஒரு தடவை அடிபட்ட ஆளை எவனும் கிட்ட சேர்க்க மாட்டான்ம்மா."

இதில் தவறு இருந்தால் நீயே சொல். கை எங்கே ஓடிவிடப் போகிறது? தள்ளிப்போடுகிறோம், அவ்வளவுதான்.

முத்தங்களுடன்,
அக்கா


சிலாய்
30 ஆகஸ்ட் 1993

அக்கா,

இடது கை.

கிழவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "கையை ஊறுகாய் போட்டு வைக்கப் போறியா? வக்கீல் குடுத்த தேதிக்கு விரல் வருமா? இப்ப விட்டா இறுகிப் போயிரும்டா."

துணிக்குள் விரல்கள் ஊர்கின்றன. மெர்லிண்டா கண்ணில் பட்டால் அதட்டுகிறாள்: "அசைக்காதய்யா, ஆயுசுக்கும் சோறு அது." பிறகு அவளே துணியைச் சரிசெய்து, இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுகிறாள்.

வீட்டுக்குள் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்சம் நீவிக்கொள்ளலாமா? கேட்டுச் சொல்.

தம்பி


மணிலா
10 செப்டம்பர் 1993

தம்பி,

கூடாது.

வக்கீலிடம் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. பழகிய விரல் குழுவின் முன்னால் காட்டிக்கொடுத்துவிடும்.

வைத்தியர் விரலைப் பிடித்து இழுப்பார். இழுத்த பிறகு கத்து. தொடுவதற்கு முன்பே கத்தாதே, பல பேர் அதில்தான் தோற்றார்கள். கூச்சப்படாதே. சின்ன வயதில் உனக்குப் பல் பிடுங்கியபோது தெருவே கூடியது.

எல்லாம் உனக்காகத்தான். எனக்கு இதில் என்ன இருக்கிறது?

அக்கா


சிலாய்
6 டிசம்பர் 1993

அக்கா,

பகோலோட் நகரில் மருத்துவக் குழு பார்த்தது. ஒரு இளம் வைத்தியர் விரல்களை ஒன்றாகப் பிடித்து இழுத்தார். கத்தினேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்களாம். "போதும், போதும்" என்று அவரே விட்டுவிட்டு எழுதிக்கொண்டார்.

பஸ் நிலையம் வரை மெர்லிண்டா வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். அங்கே வெடித்துச் சிரித்தாள். "யப்பா, என்னமா நடிச்சய்யா! எனக்கே புல்லரிச்சுப் போச்சு." சூடாக நூடுல்ஸ் வாங்கி ஊட்டிவிட்டாள்.

நான் நடிக்கவில்லை, அக்கா.

அவளிடம் சொல்லவில்லை.

தம்பி


மணிலா
18 பிப்ரவரி 1994

கண்ணே, தம்பி,

ஜெயித்துவிட்டோம்! முழு ஊனம், நிரந்தர ஊனம். தீர்ப்பை நானே டைப் அடித்தது போல இருக்கிறது, அத்தனை தடவை படித்துவிட்டேன்.

வக்கீல் எனக்குத் தனி மேசை கொடுத்திருக்கிறார். இனி இந்த மாதிரி வழக்கோடு வருகிறவர்களிடம் முதலில் நான்தான் பேசுவேன். உன் கதையைத்தான் சொல்கிறேன். "என் தம்பி ஒரு விரலைக்கூட அசைக்கலைங்க" என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இப்போது கிழவரைக் கூப்பிடு. ரகசியமாக. ஒன்று மட்டும்: வருஷா வருஷம் மறுபரிசோதனை உண்டு. அதற்கு முந்தைய மாதம் நிறுத்திவிடு.

போன கடிதத்தில் என்னவோ எழுதியிருந்தாய். பயந்திருப்பாய். அக்டோபர் திருவிழாவுக்கு வருகிறேன், நேரில் பேசலாம்.

ஆயிரம் முத்தங்கள்,
அக்கா


சிலாய்
20 மார்ச் 1994

அக்காவுக்கு,

ஓய்வூதியம் வந்தது. கூரை மாற்றினோம். மெர்லிண்டா வாசல் கடையை மூடிவிட்டாள். உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள். நானும் சொல்கிறேன்.

கிழவர் வந்தார். எண்ணெயைச் சூடு பண்ணினார். வெகுநேரம் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டு, முட்டிகள், ஒவ்வொரு விரலாக. பிறகு பாட்டிலை மூடினார். காசு நீட்டினேன். "எதுக்கு?" என்றார்.

மறுபரிசோதனைக்கு முன்னால் எதையும் நிறுத்த வேண்டியதில்லை என்று வக்கீலிடம் சொல். எந்த வைத்தியர் வந்து எவ்வளவு இழுத்தாலும் பயமில்லை.

திருவிழாவுக்கு வராதே. வந்தால் முதலில் என் கையைத்தான் பிடிப்பாய். பிடித்ததும் அழுவாய். அப்புறம் நான் உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும்.

கிரிசாந்தோ