நன்றிக் கருத்து

8 ஜூலை 2024, திங்கள்

மாதா கோயில் அலுவலகத்தில் இன்று கூட்டம். ஆறு பேர் வந்து, எதற்காகப் பூசை என்று கருத்து எழுதச் சொல்லிவிட்டுப் போனார்கள். நோட்டில் மூன்றே பத்தி: வேண்டுதல், நன்றி, இறந்தோர். பாலக்கரையில் யார் வீட்டில் எது நடந்தாலும் இந்த மூன்றில் ஒன்றில் வந்து விழுந்தாக வேண்டும். எழுதுவது நான். ஞாயிறு பூசைக்கு முன்னால் மைக்கில் வாசிப்பதும் நான்.

இன்று நன்றிப் பத்திக்கு வந்தவை: மகனுக்கு கனடா விசா. போர் போட்டதில் நானூறு அடியில் தண்ணீர். மருமகள் உண்டாகியிருக்கிறாள். நல்ல விஷயங்கள்தான். சிரித்த முகமாகவே எழுதினேன். அவர்கள் போனதும் வேண்டுதல் பத்தியில் "ரெஜிஸ், உடல்நலம் வேண்டி" என்று எழுதினேன். பதினாலு மாதமாக எழுதுகிற வரி. என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் படுத்து, இறந்தவர் யாருடையதாவது கிடைக்குமா என்று பட்டியலில் பேர் பதிந்து காத்திருக்கிற பதினாலு மாதம். எனக்குச் சர்க்கரை. என்னுடையது ஆகாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

விசாவுக்கு எத்தனை நாள் வேண்டினார்களோ? கேட்டிருக்கலாம்.

11 ஜூலை, வியாழன்

மெஷின் நாள். நாலு மணி நேரம் வராந்தா பெஞ்சு. பக்கத்துப் படுக்கை சௌரிராஜன் சாரின் மனைவி கோதைநாயகி மாமி ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து மாறி வருகிறார். எனக்கும் சேர்த்து ஃபிளாஸ்க்கில் காபி. நாங்கள் குடிப்பதை உள்ளே படுத்திருக்கும், அளந்து குடிக்க வேண்டிய இரண்டு பேரும் பார்க்காதபடி திரும்பி உட்கார்ந்து குடிக்கிறோம்.

இதை எழுதலாமா? ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.

காலையில் பொன்மலை வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வரும்போது ஒரு பையன், ஹெல்மெட் இல்லை, லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்து போனான். எங்கள் மகள் லிசி வயதுதான் இருக்கும். வேறு எந்தத் தாயாக இருந்தாலும் "ஐயோ" என்றிருப்பாள். எனக்குத் தோன்றியது: இவன் ஓ பாசிட்டிவா?

என்ன பொம்பளை நான்.

ஜெபக்கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு "ஆண்டவரே, ரெஜிஸ் அண்ணனுக்கு ஒரு கிட்னி தாரும்" என்கிறார்கள். யார் செத்தால் வரும் அது? அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆமென் மட்டும் சத்தமாக.

13 ஜூலை, சனி

ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து எழுதுகிறேன். காலை ஒன்பது மணிக்கு போன் வந்தது. கிட்னி ஒன்று வந்திருக்கிறது, வெறும் வயிற்றோடு உடனே வாங்க என்றார்கள். வழி நெடுக ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இங்கே வந்த பிறகுதான் சொல்கிறார்கள், இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். நாம் இரண்டாவது. முதல் ஆளுக்கு ஒத்துப்போகாவிட்டால்தான் நமக்கு. பெஞ்சின் அந்தக் கோடியில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒரு அம்மா. முதல் ஆளின் தாய். பார்த்துக்கொண்டே இருக்கிறேன் அவரை.

ஆண்டவரே, ஒத்துப்போகக் கூடாது. ஒத்துப்போகவே கூடாது.

14 ஜூலை, ஞாயிறு

ஒத்துப்போய்விட்டது.

நேற்று சாயங்காலம் நாலரை மணிக்கு நர்ஸ் வந்து, "நீங்க கிளம்பலாங்க சார், அடுத்த தடவை பாக்கலாம்" என்றாள். பஸ்ஸை விட்டவனுக்குச் சொல்வது மாதிரி. ரெஜிஸ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "வா பெலி, பசிக்குது. ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போவோம்" என்றார். இட்லி! அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

காலையில் நன்றிக் கருத்து ஐந்து வாசித்தேன். ஏலக்கடையில் கூவுவது மாதிரி வாசித்தேனாம். லிசி சொன்னாள்.

3 ஆகஸ்ட், சனி

ஆடிப்பெருக்கு. காவிரியில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர். மெஷின் நாளாக விழுந்ததால் கோதைநாயகி மாமி அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகவில்லை. "அவ நம்மாத்து வாசல் வழியாத்தான் போறா. நான் எங்க தேடிண்டு போறது" என்றார்.

திரும்பும்போது வீட்டுக்குப் போகாமல் காவிரிப் பாலத்துக்கு வண்டியை விடச் சொன்னார் ரெஜிஸ். ரொம்ப நேரம் ஆற்றைப் பார்த்தார். "ஊருக்கே இவ்வளவு. எனக்கு மட்டும் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்" என்று சிரித்தார். அந்த முக்கால் லிட்டரைக் காலையில் பாட்டிலில் அளந்து வைப்பவள் நான். ராத்திரி ஒரு மடக்கு கூடக் கேட்டால் இல்லை என்று சொல்கிறவளும் நான்.

12 ஆகஸ்ட், திங்கள்

எங்கள் கோயில் பங்குக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு அம்மா. பெயர் அமிர்தம். எங்கேயோ பார்த்த முகம். நாளை பதிமூன்றாம் தேதிக்கு இறந்தோர் பூசை வேண்டுமாம்.

"பேர் சொல்லுங்கம்மா."

"பேர் தெரியாதுங்க."

"பேரில்லாம எப்படி எழுதறது? மைக்ல என்னன்னு வாசிக்க?"

"பெயர் தெரியாத ஒருவர்னு எழுதிக்கங்க. ஆண்டவருக்குத் தெரியும்."

ஊரில் பேர் தெரிந்து செத்தவர்களுக்கே பூசை கொடுக்க ஆள் இல்லை. எழுதிக்கொண்டேன்.

22 ஆகஸ்ட், வியாழன்

லிசி டாக்டரைத் தனியாகப் பார்த்து "நான் குடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். ரெஜிஸுக்குத் தெரிந்து, கூடவே கூடாது என்று சொல்லிவிட்டு இரண்டு நாளாக அவளோடு பேசவில்லை. எனக்கு வாய் திறக்கவே பயம். திறந்தால் "குடுக்கட்டுமே" என்று வந்துவிடும்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் காவிச் சேலையில் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். நானும் நடக்கிறேன் என்றேன். முடி கொடுக்கிறேன். என் சங்கிலியை மாதாவுக்குப் போடுகிறேன். திருவிழாக் கொடி ஏறுவதற்குள் கிடைத்துவிட்டால் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போடுகிறேன்.

"ஆண்டவரை என்ன, லஞ்சம் வாங்கற ஆபீசர்னு நெனச்சியா?" என்றார் ரெஜிஸ்.

"சும்மா கேட்டா குடுக்கலையே!"

"இந்தப் பதினஞ்சு மாசம் யார் குடுத்தது? ஒர்க்‌ஷாப்ல என்கூட வேலை பாத்த ரெண்டு பேர் அட்டாக்ல பொசுக்குன்னு போயிட்டாங்க. நான் இருக்கேன்ல?"

இதற்குப் பேர் இருப்பதா? அவர் நன்றி சொல்லட்டும். அவருக்குப் பெரிய மனசு. எனக்கு இல்லை.

3 செப்டம்பர், செவ்வாய்

பக்கத்துப் படுக்கையில் வேறு ஆள். சௌரிராஜன் சார் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார். மாமிக்கு போன் செய்தேன். கண்ணைக் கொடுத்துவிட்டார்களாம்.

"அறுபது வருஷம் ரங்கநாதனைச் சேவிச்ச கண்ணு, பெலிண்டா. அதை ஏன் அக்னிக்குக் குடுக்கணும்? இன்னொருத்தர் சேவிக்கட்டுமே."

ரெஜிஸிடம் சொன்னேன். "நல்ல காரியம்" என்றார். எனக்குக் கோபம். பதினைந்து மாதம் ஒருத்தரும் எங்களுக்குக் கொடுக்கவில்லை. நாம் மட்டும் கொடுக்க வேண்டுமா?

14 செப்டம்பர், சனி

அமிர்தம் மறுபடி வந்தார். நேற்றும் அந்தப் பெயர் தெரியாத பூசை இருந்தது. இன்று வந்தது நாளைப் பூசைக்கு ஒரு நன்றிக் கருத்து கொடுக்க. முகமெல்லாம் சிரிப்பு. "எம் பையன் பிரவீன்ராஜ். கிட்னி மாத்துனதுக்கு நன்றி. திங்கக்கிழமை வேலைக்குப் போறாங்க."

என் பேனா நின்றது. "எப்ப மாத்துனது?"

"ஜூலை பதிமூணு."

முந்தானையால் வாயை மூடியிருந்த முகம்.

எழுதினேன். என் கையெழுத்தில் எழுதினேன். "சிறுநீரகம் பெற்று நலமடைந்ததற்கு நன்றியாக."

15 செப்டம்பர், ஞாயிறு

வாசிக்கவில்லை.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பட்டுச்சேலை. பையன் புதுச் சட்டை. இன்னொரு கனடா வாசித்தேன், கல்யாண நாள் வாசித்தேன், அந்த வரி வந்ததும் கண் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டது. கண்ணா போனது? நான்தான் போனேன். வேணும்னேதான் விட்டேன். அந்த அம்மா கடைசி வரை மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினேழு வருஷத்தில் ஒரு பேரை விட்டதில்லை நான்.

17 செப்டம்பர், செவ்வாய்

மெஷினில் இவரை விட்டுவிட்டு ஆபீசுக்கு வந்தால் அமிர்தம் காத்திருக்கிறார். "மறந்திருப்பீங்க, வேலை ஜாஸ்தி" என்றார். சரி என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"மறக்கலைங்க. வேணும்னுதான் வாசிக்கல. அன்னிக்கு ரெண்டாவது ஆளு எங்க வீட்டுக்காரர்தான்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "தெரியும்மா. முத நாளே உங்களை அடையாளம் தெரிஞ்சுது. அன்னிக்கு பெஞ்சுல நீங்க என்னைப் பாத்த பார்வையை மறக்கவா முடியும்? என்னன்னு பேசறது உங்ககிட்ட? எம் புள்ள பொழச்சுட்டான்னா?"

இரண்டு பேரும் அழுதோம். அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை. அவர் மகன் பிழைத்துவிட்டான், என் புருஷன் மெஷினில் கிடக்கிறார். ஆனால் அந்தப் பெயர் தெரியாத ஒருவர் யார் என்று கேட்காமலே புரிந்துவிட்டது.

22 செப்டம்பர், ஞாயிறு

ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இந்த வாரம் வாசிச்சிடும்மா" என்றார். முடியாது என்றேன். அவரே வாசித்தார். நன்றிக் கருத்து ஒன்றையும் இனி நான் வாசிப்பதாக இல்லை. யாராவது வாசித்துக்கொள்ளட்டும்.

5 அக்டோபர், சனி

மெஷினில் பாதியில் பிரஷர் இறங்கிவிட்டது. முழுசாக நீர் எடுக்க முடியவில்லை. கால் வீங்கியிருக்கிறது. செவ்வாய் வரை தாங்கணும். ஆண்டவரே. செவ்வாய் வரை.

7 அக்டோபர், திங்கள்

காலை 6.40.

12 அக்டோபர், சனி

இன்று மெஷின் நாள். ஆறு மணிக்கே எழுந்து பாட்டிலை அளந்துவிட்டேன்.

ஏழாம் தேதி நடந்ததை எழுதி வைக்கிறேன். விடியற்காலையில் மூச்சு முட்டியது. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து வந்தார். அவ்வளவுதான், 6.40க்கு முடிந்துவிட்டது. அவசரப் பிரிவு நர்ஸ் தயங்கித் தயங்கி, "கண்தானம் பத்தி யோசிக்கிறீங்களா அம்மா?" என்றாள். கத்திவிட்டேன். "எங்களுக்கு யாரு குடுத்தாங்க? கேட்டுக் கேட்டு வாய் செத்துப் போச்சு. யாரு குடுத்தாங்க?" லிசி என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். பாவம், அந்த நர்ஸ் என்ன செய்வாள்.

பொன்மலை குவார்ட்டர்ஸ் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினோம். ஒன்பதரைக்கு அமிர்தம் வந்தார், கூடவே பிரவீன்ராஜ். அவன் உள்ளே வரத் தயங்கி வாசலில் நின்றான். வெயில். லிசி எல்லோருக்கும் போல அவனுக்கும் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தான். முழு டம்ளர், ஒரே மூச்சில், அண்ணாந்து. டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். அவ்வளவு சாதாரணமாக.

பதினேழு மாதமாக நான் கனவு கண்ட காட்சி அது. என் வீட்டு வாசலில், வேறு ஆள்.

பொறாமை வரும் என்றுதான் காத்திருந்தேன். வரவில்லை. யாரோ ஒரு வீட்டில், ஜூலை பதிமூன்றாம் தேதி, இதே மாதிரி கூடத்தில் கிடத்துவதற்கு முன்னால், என்னை மாதிரி ஒருத்தி சரி என்று சொல்லியிருக்கிறாள். இவன் யார் என்று அவளுக்குத் தெரியாது. இவன் நன்றி சொல்வானா என்றும் தெரியாது. கேட்டா கொடுத்தாள்?

லிசியைக் கூப்பிட்டேன். "கண் வங்கிக்கு போன் பண்ணு. கண்ணை எடுத்துக்கட்டும்."

மாமி போனிலேயே சொல்லிக் கொடுத்தார்: மின்விசிறியை நிறுத்து, தலையை உயர்த்தி வை, இமை மேல் ஈரப்பஞ்சு. ஈரப்பஞ்சை நான்தான் வைத்தேன். அளக்காமல் நனைத்தேன். பதினொன்றே காலுக்கு வந்தார்கள். இருபது நிமிஷம்தான்.

ஆண்டவரே, உம்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அதையும் எழுதி வைக்கிறேன்.

19 அக்டோபர், சனி

கண் வங்கியிலிருந்து போன். இரண்டு பேருக்கு வைத்துவிட்டார்களாம். யார் என்று கேட்டேன். சொல்லக் கூடாதாம்.

2 நவம்பர், சனி

கல்லறைத் திருநாள். மழை. மெழுகுவர்த்தி நிற்கவே இல்லை. லிசி குடைக்குள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

5 நவம்பர், செவ்வாய்

முப்பதாம் நாள் பூசை. வேலைக்குத் திரும்பி இன்றுதான் நோட்டைத் திறந்தேன். இறந்தோர் பத்தியில் "ரெஜிஸ், முப்பதாம் நாள்" என்று எழுதினேன். வேண்டுதல் பத்தியில் கை தானாகப் போய் நின்றது. அங்கே எழுத இனி ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு நன்றிப் பத்தியில் ஒரு வரி எழுதினேன்.

ஃபாதர் எட்டிப் பார்த்தார். "இது யார் குடுத்ததும்மா?"

"அவங்களுக்குத் தெரியாது ஃபாதர். அவங்களுக்குப் பதிலா நான்."

"நான் வாசிக்கவா?"

"வேண்டாம். நானே வாசிக்கிறேன்."

மூன்றாவது வரிசையில் லிசி, அமிர்தம், கோதைநாயகி மாமி. மாமி செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ரெஜிஸ் பேரை வாசித்தேன். விரலை நன்றிப் பத்திக்கு நகர்த்தி, அடுத்ததை வாசித்தேன்.

"கண் பார்வை பெற்ற, பெயர் தெரியாத இருவர். நன்றியாக."

மணி அடித்தது. எல்லோரும் எழுந்து நின்றோம்.