பொய்க் குழி

டேய்,

இன்று காலை, சோதனைக்கு வந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகியதும் அறை முழுக்கச் சேற்று வாடை. ஆரம்பாக்கம் பக்கத்து ஏரித் தண்ணீர். நீ இருந்திருந்தால் மூக்கை உள்ளே விட்டு, "யூரியாடா, நேத்து தான் தூவிக்கீறான்" என்று பெரிய மேதாவி போலச் சொல்லியிருப்பாய். பரிசோதனையில் பாதி நேரம் நீ சொன்னது தப்பாகத்தான் வரும். அதற்காக என்றைக்காவது வெட்கப்பட்டிருக்கிறாயா?

நம் மென்பொருளில் மழை, நிலத்தின் சரிவு, வயலுக்குப் போட்ட உரம் எல்லாவற்றையும் கொடுத்தால், ஏரிக்கு எவ்வளவு மண்ணும் உரமும் அடித்துக்கொண்டு போகும் என்று சொல்லிவிடும். ஓட்டுவதற்கு முன் வரைபடத்தில் உள்ள குழிகளை நிரப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலும் அவை நிஜக் குழிகள் அல்ல, செயற்கைக்கோள் படத்தின் கோளாறு. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாமே என்பேன். "இன்னாத்துக்குடா பேஜாரு? எல்லாம் பொய்க் குழி. ரொப்பு" என்பாய்.

போன மழைக்காலத்தில் தண்ணீர் எடுக்கத் தனியாகப் போனாய். நாற்று நட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா உன்னைத் தடுத்திருக்கிறார். பிறகு அவரே என்னிடம் சொன்னார்: "அந்தாண்ட போவாத சார், சவுடு மண்ணு அள்ளின பள்ளம் கீதுன்னேன். போனைக் காட்டி, 'மேப்புல சமமா கீது பாரும்மா'ன்னு சிரிச்சிக்கினே போனாரு." மழைத் தண்ணீர் வயலோடு வயலாகச் சமமாகத்தான் கிடந்ததாம். சாயங்காலம் உன்னை வெளியே எடுத்தார்கள்.

போன மாதம் அதே பகுதியை முதல் தடவையாக எதையும் நிரப்பாமல் ஓட்டினேன். எல்லா வயல்களிலிருந்தும் நீலக் கோடுகள் கிளம்பி, வளைந்து வளைந்து ஒரே இடத்துக்குப் போய் நின்றன. ஏரிக்கு ஒரு கோடும் போகவில்லை. மழையைக் கூட்டினேன், குறைத்தேன். அங்கேதான் போயின. பழைய வரைபடத்தைத் திறந்து, உன்னை எடுத்த அந்தப் பள்ளத்தை அதில் நிரப்பியது யார் என்று பார்த்தேன். உன் பெயர் இருந்தது.

மேலாளர், "டேட்டா தப்புப்பா, ரொப்பிட்டு அனுப்பு" என்றார். பள்ளிப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் ரயில் ஸ்டேஷனுக்கு நடக்கிறார்கள். வரைபடத்தில் பள்ளமே இல்லையென்றால் எதைக் காட்டி வேலி கேட்பது? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்படியே அச்செடுத்து ஊராட்சியில் கொடுத்தேன். இழுத்தடித்துத்தான் ஒத்துக்கொண்டார்கள், நேற்றுக் கம்பம் நட்டார்கள்.

வேலி போடுவதைப் பார்க்க வந்த அந்த அம்மாவிடம் வரைபடத்தைக் காட்டினேன். கோடுகள் கூடும் இடத்தில் விரலை வைத்து, "இன்னும் இங்க தான் கீறாரா சார்?" என்று கேட்டார். எடுத்துவிட்டார்களே, நீங்களும் பார்த்தீர்களே என்றேன். அவர் விரலை எடுக்கவில்லை.

இப்போதெல்லாம் தேங்கிய தண்ணீர் எதிலும் என்னால் கால் வைக்க முடிவதில்லை. மணவாள நகரில் என் வீட்டு வாசலில் கிடப்பது கணுக்கால்கூட நனையாத தண்ணீர். நேற்றுத் திரும்பி வந்ததும் அதன் ஓரத்தில் நின்று, உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ பதில் சொல்லிவிடுவாயோ என்று பயம் வந்து, சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.